கேட்காமல் எடுத்த கார்: வாசகர் கேள்வி, இன்ஷூரன்ஸ் சர்வேயர் பதில்

இந்த இதழுக்கு வந்த கடிதங்களைப் பிரித்தால் ஏறக்குறைய எல்லாமே ஒரே வீட்டுக் கதைதான். மகன், கொழுந்தன், அக்கா பையன் என்று யாரோ ஒருவர் கேட்காமல் காரை எடுத்திருக்கிறார். எங்கேயோ போய் இடித்திருக்கிறார். இப்போது பாலிசிக் காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு வீட்டுப் பெரியவர்கள் முழிக்கிறார்கள். அதனால் டூவீலர், லாரிக் கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு இதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். ஊர்ப் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற அடையாளங்களை நீக்கியிருக்கிறேன்.

கரூரிலிருந்து ஒரு தந்தை:

என் பெயரில் ஸ்விஃப்ட் கார். மூன்று வருடம் முடிந்துவிட்டது, இதுவரை க்ளெய்ம் எதுவும் வாங்கியதில்லை, ஃபுல் இன்ஷூரன்ஸ். மகனுக்கு 20 வயது, போன வருடம்தான் லைசென்ஸ் எடுத்தான். நாங்கள் தூங்கிய பிறகு சாவியை எடுத்துக்கொண்டு நண்பர்களோடு டீ குடிக்க பைபாஸ் வரை போனவன், சென்டர் மீடியனில் ஏற்றிவிட்டான். யாருக்கும் பெரிய அடி இல்லை. பானெட், பம்பர், ரேடியேட்டர் எல்லாம் போய்விட்டது. “அனுமதி இல்லாம எடுத்தான்னு எழுதினா ஒரு பைசா வராது, நீங்க ஓட்டினதா எழுதிடுங்க” என்கிறார் ஏஜென்ட். “வண்டி திருட்டுப் போச்சுன்னு ஸ்டேஷன்ல எழுதிக் குடுத்துடுங்க மாமா” என்கிறான் மச்சான். எதைச் செய்வது?

இரண்டையும் செய்யாதீர்கள் ஐயா. உங்கள் க்ளெய்ம் நல்ல க்ளெய்ம். அதைக் கெடுக்கத்தான் இரண்டு பேரும் யோசனை சொல்லியிருக்கிறார்கள்.

முதலில் பாலிசியை எடுத்து ‘டிரைவர்’ என்று தலைப்பிட்ட பத்தியைப் படியுங்கள். நம் நாட்டில் தனியார் கார் பாலிசிகளில் அந்தப் பத்தி பல வருடமாகக் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் இருக்கிறது. பாலிசிதாரர் உட்பட யார் வேண்டுமானாலும் ஓட்டலாம். ஓட்டுகிறவரிடம் விபத்து நேரத்தில் செல்லுபடியாகும் லைசென்ஸ் இருக்க வேண்டும். லைசென்ஸ் வைத்துக்கொள்ளத் தடை விதிக்கப்பட்டவராக இருக்கக் கூடாது. அவ்வளவுதான். அப்பாவிடம் கேட்டானா, சொல்லாமல் எடுத்தானா என்ற பேச்சே அந்தப் பத்தியில் கிடையாது. உங்கள் வண்டிக்கான நஷ்டத்தைப் பொறுத்தவரை உங்கள் மகனின் லைசென்ஸ்தான் கம்பெனிக்குத் தேவை. குடித்திருக்கவில்லை, வண்டியை வாடகைக்கு ஓட்டவில்லை, ரேஸ் விடவில்லை என்றால் மறுக்கக் காரணம் இல்லை.

இனி ஏஜென்ட் சொன்ன யோசனை. ஓட்டியவரை மாற்றிச் சொல்வது, விபத்து வண்டியின் சேதத்தை மதிப்பிடும் எங்கள் சர்வேயர் தொழிலில் தினமும் பார்க்கிற சங்கதி. நான் சர்வே பார்த்த ஒரு வண்டியும் இதே மாதிரி மீடியனில் ஏறியதுதான். தானே ஓட்டியதாக எழுதிக் கொடுத்திருந்த அப்பா ஒர்க்‌ஷாப்புக்கு வந்திருந்தார். ஐந்தடிதான் இருப்பார். டிரைவர் சீட்டைப் பார்த்தேன். தண்டவாளத்தின் கடைசிப் பல் வரை பின்னால் தள்ளியிருந்தது. “சும்மா ஒரு தடவை உட்காருங்க சார்” என்றேன். உட்கார்ந்தார். கிளட்சுக்கும் அவர் செருப்புக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி. பக்கத்தில் நின்ற ஒர்க்‌ஷாப் பையன் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்துவிட்டான். ரெக்கவரி வேன்காரர் சீட்டைத் தள்ளியிருப்பார் என்றார் பெரியவர். அதுவும் நடக்கக்கூடியதுதானே என்று வேன்காரரைக் கேட்டேன். அவர் வண்டிக்குள் ஏறவே இல்லை. முன்சக்கரத்தைத் தூக்கி அப்படியே இழுத்து வந்திருக்கிறார். பிறகு ஆஸ்பத்திரியின் விபத்துப் பதிவேட்டு (ஏ.ஆர்.) காப்பி வந்தது. நெற்றியில் தையல் போட்ட மகன் ‘கார் ஓட்டி வந்தபோது’ என்று டாக்டரிடம் சொன்னது அப்படியே பதிவாகியிருந்தது. அந்தப் பையனிடமும் லைசென்ஸ் இருந்தது ஐயா. உண்மையை எழுதியிருந்தால் பணம் வந்திருக்கும். பொய் சொன்னதால் க்ளெய்ம் மறுக்கப்பட்டது.

ஆஸ்பத்திரிப் பதிவு, டோல்கேட் கேமரா, பெட்ரோல் பங்க் கேமரா, கூட வந்த நண்பனின் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் என்று உண்மை வெளிவர இன்று வழி ஏராளம். ஏஜென்ட்டுக்கு இதெல்லாம் தெரியும். க்ளெய்ம் மறுக்கப்பட்டால் கையெழுத்துப் போட்டது நீங்கள்தானே, அவர் இல்லையே.

மச்சானின் யோசனை இன்னும் மோசம். திருட்டு என்றால் நேர்மையற்ற எண்ணத்தோடு பொருளை எடுப்பது. டீ குடித்துவிட்டுத் திரும்பக் கொண்டுவந்து நிறுத்தலாம் என்று எடுத்தது அதில் சேராது. மோட்டார் வாகனச் சட்டத்தில் 197-ஆம் பிரிவு என்று ஒன்று தனியாக இருக்கிறது. உரிமையாளர் சம்மதம் இல்லாமல் வண்டியை எடுத்து ஓட்டினால் 3 மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஆனால் சட்டம் எழுதியவர்களும் குடும்பஸ்தர்கள்தான் போலிருக்கிறது; ‘கேட்டிருந்தால் உரிமையாளர் சம்மதித்திருப்பார்’ என்று நியாயமாக நம்பி எடுத்தவரைத் தண்டிக்கக் கூடாது என்று அதே பிரிவில் ஒரு வரி சேர்த்திருக்கிறார்கள். இதற்கு மேல் போய் திருட்டு என்று பொய்ப் புகார் கொடுத்தால் அது உங்கள் மேலேயே வழக்காகும். ஒருவேளை போலீஸ் நம்பிவிட்டால்? பிடித்து உள்ளே வைக்கப்போவது உங்கள் மகனை.

எழுத வேண்டியது இவ்வளவுதான்: ‘இன்ன தேதி இரவு என் மகன் என்னிடம் தெரிவிக்காமல் காரை எடுத்துச் சென்றார். இன்ன இடத்தில், ஏறக்குறைய இன்ன நேரத்தில், சாலை நடுத்தடுப்பில் மோதியது. அவருடைய ஓட்டுநர் உரிம நகல் இணைத்துள்ளேன்.’ இதை இன்றைக்கே அனுப்புங்கள். தாமதமாகத் தெரிவித்தார் என்ற பேச்சு வர வேண்டாம். சர்வேயர் பார்க்கும்வரை ஒர்க்‌ஷாப்பில் எதையும் கழற்ற விடாதீர்கள்.

எவ்வளவு வரும் என்பதையும் சொல்லிவிடுகிறேன், பிறகு ஏமாற்றமாக இருக்கக் கூடாது. மூன்று வருடம் தாண்டி நான்காவது வருடம் ஓடும் வண்டிக்கு இரும்புப் பாகங்களில் 25 சதவீதம் தேய்மானம் கழிப்பார்கள். பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களில் பாதி போய்விடும். பம்பர் 6,000 ரூபாய் என்றால் 3,000 உங்கள் கையிலிருந்து. கண்ணாடிக்குத் தேய்மானம் இல்லை. ‘பம்பர் டு பம்பர்’ என்று விற்கிற ஜீரோ டெப் சேர்த்திருந்தால் இந்தக் கழிவு இருக்காது. எப்படியும் கட்டாயக் கழிவு 1,000 ரூபாய் உண்டு, 1,500 சிசி வரையுள்ள வண்டிக்கு. அப்புறம் நோ க்ளெய்ம் போனஸ், அதாவது க்ளெய்ம் வாங்காத வருடங்களுக்காகப் பிரீமியத்தில் தருகிற தள்ளுபடி. மூன்று வருடம் க்ளெய்ம் வாங்காததால் உங்களுக்கு 35 சதவீதம் சேர்ந்திருக்கும். அதைக் காக்கும் ஆட்-ஆன் (பாலிசியோடு சேர்க்கும் கூடுதல் காப்பு) எடுத்திருந்தால் தவிர, அடுத்த பிரீமியத்தில் அது பூஜ்யம். பம்பர் கீறல் என்றால் க்ளெய்மே போடாதீர்கள் என்று சொல்லியிருப்பேன். ரேடியேட்டர் வரை போயிருப்பதால் போடுங்கள்.

நாகர்கோவிலிலிருந்து ஒரு வாசகி:

கார் என் பெயரில். நான் ஆஸ்பத்திரியில் நைட் டியூட்டியில் இருந்தபோது கணவரின் தம்பி வீட்டிலிருந்த சாவியை எடுத்துப்போய் மின்கம்பத்தில் இடித்துவிட்டார். குடித்திருந்தார், போலீஸ் ஊதச் சொல்லி கேஸும் போட்டுவிட்டார்கள். ‘போதையில் ஓட்டியதால் பொறுப்பேற்க இயலாது’ என்று கம்பெனி ஒற்றை வரியில் கடிதம் அனுப்பிவிட்டது. இதோடு முடிந்ததா?

முடியவில்லை அம்மா. ‘அனுமதி இல்லாமல்’ என்ற சொல்லுக்குப் பாலிசியில் மதிப்பு இருக்கிற இடம் இது.

வழக்கமான கார் பாலிசியில் போதை பற்றிய விலக்கு எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். பாலிசிதாரரோ, அல்லது அவருடைய அறிவோடும் சம்மதத்தோடும் ஓட்டுகிறவரோ போதையில் இருக்கும்போது ஏற்பட்ட சேதத்துக்குக் கம்பெனி பொறுப்பல்ல என்றுதான் இருக்கும். யார் போதையில் ஓட்டினாலும் என்று இருக்காது. ஓட்டியவர் போதையில் இருந்தார் என்பதை மட்டும் காட்டினால் போதாது. அவர் ஓட்டியது உங்களுக்குத் தெரியும், நீங்கள் சம்மதித்தீர்கள் என்பதும் வேண்டும். விலக்கைக் காட்டிப் பணம் மறுக்கிற கம்பெனிதான் அந்த விலக்கு பொருந்துகிறது என்று நிரூபிக்க வேண்டும். கடிதம் எழுதியவர் அந்த வரியின் பாதியை மட்டும் படித்திருக்கிறார். பலரும் அப்படித்தான். சில கம்பெனிகள் வாசகத்தை மாற்றியிருக்கவும் கூடும்; எனவே உங்கள் பாலிசியின் வரியை நீங்களே ஒரு முறை சரிபாருங்கள்.

அன்று இரவு நீங்கள் டியூட்டியில் இருந்ததற்கு வருகைப் பதிவேட்டின் நகலை வாங்குங்கள். கொழுந்தனிடமும் ஓர் எழுத்து வாக்குமூலம் வாங்க வேண்டும். அவருக்கு லைசென்ஸ் இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. அது இல்லையென்றால் நான் மேலே சொன்னது எதுவும் உதவாது. இன்னொன்று: அவர் வாரா வாரம் உங்கள் காரை எடுத்துப்போய் வருகிறவர் என்றால், ‘பொதுவான சம்மதம் இருந்தது’ என்று கம்பெனி வாதாடும். அதற்குப் பதிலை இப்போதே யோசித்து வைத்துக்கொள்ளுங்கள். பொய்யை அல்ல, பதிலை.

முதலில் கம்பெனியின் குறைதீர் அதிகாரிக்கு எழுதுங்கள். 30 நாளில் பதில் வரவில்லை, அல்லது வந்த பதில் திருப்தி இல்லை என்றால் சென்னை தேனாம்பேட்டையில் இருக்கிற இன்ஷூரன்ஸ் ஆம்புட்ஸ்மன் (காப்பீட்டுப் புகார்களை விசாரித்துத் தீர்ப்பவர்) அலுவலகம். கட்டணம் கிடையாது, வக்கீல் வைக்க வேண்டியதில்லை, மறுப்புக் கடிதம் வந்து ஒரு வருடத்துக்குள் போக வேண்டும். 50 லட்சம் ரூபாய் வரை விசாரிக்க அவருக்கு அதிகாரம் உண்டு.

மின்வாரியம் கம்பத்துக்குப் பணம் கேட்கும். அது மூன்றாம் நபர் சொத்துச் சேதம். நோட்டீஸ் வந்ததும் நகலைக் கம்பெனிக்கு அனுப்பிவிடுங்கள்.

ஈரோட்டிலிருந்து:

எல்எல்ஆர் மட்டும் வைத்திருக்கும் மகள், தெருமுனைக் கடை வரை தனியாக ஓட்டிப்போய் சுவரில் இடித்துவிட்டாள். க்ளெய்ம் வருமா?

வராது என்றே வைத்துக்கொள்ளுங்கள். எல்எல்ஆர் வைத்திருப்பவரும் ஓட்டலாம் என்று பாலிசி சொல்கிறது. ஆனால் பக்கத்தில் லைசென்ஸ் உள்ளவர் உட்கார்ந்திருக்க வேண்டும், வண்டியில் சிவப்பு ‘எல்’ இருக்க வேண்டும். தனியாகப் போனது நிபந்தனை மீறல். தெருமுனைதானே என்ற கணக்கு செல்லாது. பக்கத்து வீட்டு மாமா கூட இருந்தார் என்று யாராவது எழுதச் சொல்வார்கள். கரூர்க்காரருக்குச் சொன்னதைப் படியுங்கள்.

திருப்பூரிலிருந்து ஒரு வாசகர்:

லீவுக்கு வந்திருந்த அக்கா மகன், வயது 16. டிவி பக்கத்து ஆணியில் மாட்டியிருந்த சாவியை எடுத்து, நான் கம்பெனிக்குப் போயிருந்த நேரத்தில் காரை வெளியே எடுத்து, சைக்கிளில் வந்த ஒரு பெரியவரை இடித்துவிட்டான். அவருக்குத் தொடை எலும்பு முறிவு. போலீஸ் என்னையும் சேர்த்து வழக்குப் போட்டிருக்கிறது. மோட்டார் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்திலிருந்து சம்மனும் வந்துவிட்டது. நான் அனுமதி கொடுக்கவே இல்லை. என்னை ஏன் இழுக்கிறார்கள்? கட்டிய இன்ஷூரன்ஸ் எதற்கு?

இந்த வாரக் கடிதங்களிலேயே இதற்குத்தான் நிதானமாகப் பதில் எழுத வேண்டும். மூன்று விஷயங்களை நீங்கள் ஒன்றாகக் கலந்துவிட்டீர்கள்.

உங்கள் காரின் பானெட், லைட் செலவு. அதை மறந்துவிடுங்கள். லைசென்ஸ் இல்லாதவர், அதுவும் லைசென்ஸ் எடுக்கும் வயதே ஆகாதவர் ஓட்டிய வண்டிக்குச் சொந்தச் சேதம் கிடைக்காது. இங்கே அனுமதி கொடுக்கவில்லை என்று வாதாடி நேரத்தை வீணாக்காதீர்கள்.

அடுத்து அந்தப் பெரியவருக்கான இழப்பீடு. கட்டிய இன்ஷூரன்ஸ் எதற்கு என்றீர்களே, இதற்குத்தான். 2004-இல் ஸ்வரண் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்த விஷயத்தை விரிவாகப் பேசியது. ஓட்டியவருக்கு லைசென்ஸ் இல்லை என்று காட்டுவதோடு கம்பெனியின் வேலை முடியவில்லை. அந்த மீறலில் உரிமையாளருக்குப் பங்கு இருந்தது, அவர் வேண்டுமென்றோ அலட்சியமாகவோ இடம் கொடுத்தார் என்றும் கம்பெனி காட்ட வேண்டும் என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். அப்படிக் காட்டினாலும் அடிபட்டவர் கைவிடப்படக் கூடாது என்பதால் தீர்ப்பாயங்கள் பெரும்பாலும் ஒரு வழி செய்கின்றன. முதலில் கம்பெனி கொடுக்கட்டும், பிறகு உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளட்டும். அந்த ‘பிறகு’தான் உங்களுக்கு ஆபத்து. அந்தப் பெரியவர் கைக்குப் பணம் போய்ச் சேர்ந்துவிடும். கொஞ்ச காலம் கழித்து கம்பெனி வக்கீல் உங்கள் வீட்டுக் கதவைத் தட்டுவார்.

நீங்கள் அதிலிருந்து தப்புவது ஒரே ஒரு கேள்வியில் இருக்கிறது. சாவி எங்கே இருந்தது? 2011-இல் உச்ச நீதிமன்றத்துக்குப் போன ஒரு டெல்லி வழக்கு உங்கள் கதையே. உறவுக்காரச் சிறுவன் ஒருவன் வீட்டிலிருந்த மோட்டார் சைக்கிள் சாவியை உரிமையாளருக்குத் தெரியாமல் எடுத்துப்போய் விபத்து செய்துவிட்டான். எனக்குத் தெரியாது என்றுதான் உரிமையாளரும் சொன்னார். தன் வண்டி, அதுவும் லைசென்ஸ் இல்லாத சிறுவன் கையில், தவறாகப் பயன்படாமல் பார்த்துக்கொள்வது உரிமையாளரின் பொறுப்பு என்று சொல்லி, கம்பெனி அவரிடம் வசூலிப்பதை நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. டிவி பக்கத்து ஆணி என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். நம் வீடுகளில் பாதிக்கு மேல் சாவி தொங்குகிற இடம் அதுதான், மறுக்கவில்லை. ஆனால் குறுக்கு விசாரணையில் அந்த ஆணி பெரிதாகத் தெரியும். அதோடு இன்னொன்றும் கேட்பார்கள்: இதற்கு முன்னால் அந்தப் பையன் உங்கள் வண்டியை ஓட்டியிருக்கிறானா? ஊர்க் கோயில் மைதானத்தில், லே-அவுட் காலி மனையில், நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து பழக்கியிருக்கிறீர்களா? அப்படி ஒரு வீடியோ குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் சுற்றியிருந்தால் ‘தெரியாமல் எடுத்தான்’ என்ற வாதம் நிற்காது. (மடியில் ஐந்து வயதுப் பிள்ளையை உட்காரவைத்து ஸ்டீயரிங் பிடிக்கச் சொல்லி வீடியோ எடுக்கும் மாமாக்கள், சித்தப்பாக்களைப் பார்த்தால் எனக்கு வருகிற கோபத்தை இந்தப் பத்திரிகையில் அச்சிட முடியாது.)

மூன்றாவது, குற்ற வழக்கு. 2019 செப்டம்பர் முதல் நடைமுறையில் இருக்கும் மோட்டார் வாகனச் சட்டத்தின் 199ஏ பிரிவு, சிறுவர் ஓட்டிக் குற்றம் நடந்தால் பாதுகாவலரையோ வண்டி உரிமையாளரையோ குற்றவாளியாகவே கருதுகிறது. 3 வருடம் வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம், வண்டியின் பதிவு 12 மாதத்துக்கு ரத்து. பையனுக்கு 25 வயதுவரை லைசென்ஸ் கிடையாது. பொதுவாகக் குற்றத்தை அரசுத் தரப்பு நிரூபிக்க வேண்டும், இங்கே தலைகீழ். உங்கள் சம்மதத்தோடுதான் எடுத்தான் என்று நீதிமன்றம் அனுமானித்துக்கொள்ளும். இல்லை என்று நிரூபிக்க வேண்டியது நீங்கள். அதற்கும் அந்தப் பிரிவில் வழி இருக்கிறது: எனக்குத் தெரியாமல் நடந்தது, அல்லது நடக்காமல் தடுக்க எடுக்க வேண்டிய எல்லா முன்ஜாக்கிரதையும் எடுத்தேன் என்று காட்டினால் தண்டனை இல்லை. நீங்கள் வேலையில் இருந்த பதிவு, வீட்டில் இருந்தவர்களின் சாட்சியம், பையனை ஓட்டவிட்ட வழக்கம் இல்லை என்பது எல்லாம் இங்கே உங்களுக்குக் கைகொடுக்கும். வசூல் வழக்கில் பலவீனமாக இருக்கிற ‘தெரியாது’ என்ற வார்த்தை குற்ற வழக்கில் உங்களைக் காப்பாற்றக்கூடியது. எனவே இரண்டு இடத்திலும் ஒரே மாதிரி, உண்மையாகச் சொல்லுங்கள்.

இப்போது செய்ய வேண்டியது. தீர்ப்பாய சம்மனைப் பார்த்துவிட்டு ‘கம்பெனி பார்த்துக்கொள்ளும்’ என்று வீட்டில் உட்கார்ந்துவிடாதீர்கள். உரிமையாளர்கள் கெடுவது பெரும்பாலும் அதில்தான். நீங்கள் வராவிட்டால் எக்ஸ்பார்ட்டி ஆக்கி, நீங்கள் இல்லாமலே வழக்கை நடத்துவார்கள். கம்பெனி வக்கீல் சொல்வதை மறுக்க அங்கே ஆள் இருக்காது. அவர் கம்பெனியின் வக்கீல், உங்களுடையவர் அல்ல. இந்த வழக்கில் அவருக்கும் உங்களுக்கும் எதிரெதிர் நலன். தனியாக வக்கீல் வையுங்கள். அந்தப் பெரியவரை ஆஸ்பத்திரியில் போய்ப் பாருங்கள். வழக்குக்காகச் சொல்லவில்லை, போய்ப் பாருங்கள். அக்காவோடு சண்டை வேண்டாம். அவருக்கும் இதே பிரிவில் நோட்டீஸ் வரலாம்.

தஞ்சாவூர் பக்கத்திலிருந்து ஒரு தகப்பனார்:

என் காரை எடுத்துக்கொண்டு போன மகன், வளைவில் கட்டுப்பாடு இழந்து புளியமரத்தில் மோதி இறந்துவிட்டான். வேறு வண்டி எதுவும் இல்லை. என்னிடம் சொல்லாமல்தான் எடுத்தான். அதனால்தான் இழப்பீடு இல்லை என்கிறார்களா? நான் அனுமதி கொடுத்தேன் என்று சொன்னால் கிடைக்குமா?

ஐயா, உங்களுக்கு எப்படி ஆறுதல் சொல்வது என்று தெரியவில்லை. கேட்டதற்கு மட்டும் பதில் எழுதுகிறேன்.

அனுமதி இருந்திருந்தாலும் இதே பதில்தான். எனவே அந்த எண்ணத்தை வைத்து உங்களை வருத்திக்கொள்ளாதீர்கள். மூன்றாம் நபர் காப்பீடு என்பது நம் வண்டியால் பாதிக்கப்படும் பிறருக்கு. இன்னொருவர் வண்டியை எடுத்து ஓட்டுகிறவர் அந்த நேரத்துக்கு உரிமையாளரின் இடத்தில் நிற்கிறார் என்று உச்ச நீதிமன்றம் 2009-இல், இரவல் மோட்டார் சைக்கிளில் போய் மாட்டுவண்டியில் மோதி இறந்தவரின் வழக்கில் சொன்னது. 2025 ஜூலையிலும், தன் பெயரில் இல்லாத காரை வேகமாக ஓட்டிக் கவிழ்ந்து இறந்தவரின் குடும்பத்துக்குக் கம்பெனி தர வேண்டியதில்லை என்ற கர்நாடக உயர் நீதிமன்றத் தீர்ப்பில் தலையிட மறுத்தது. பாலிசியில் இருக்கிற 15 லட்சம் ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பீடு உரிமையாளருக்கு மட்டும்தான். ஆர்சி உங்கள் பெயரில் இருப்பதால் மகனுக்குப் பொருந்தாது. பெயர் குறிப்பிட்டுக் குடும்பத்தாருக்குத் தனியாக விபத்துக் காப்பீடு சேர்த்திருந்தீர்களா என்று மட்டும் பாலிசியின் பிரீமியப் பட்டியலில் பாருங்கள்.

வேறு இடத்தில் தேடுங்கள். மகனின் வங்கிக் கணக்குப் புத்தகத்தில் மே, ஜூன் மாதங்களில் 20 ரூபாய் பிடித்திருக்கிறார்களா என்று பாருங்கள். பிடித்திருந்தால் அது பிரதமரின் சுரக்ஷா பீமா திட்டம். விபத்து மரணத்துக்கு 2 லட்சம் ரூபாய். அவருடைய ஏடிஎம் கார்டோடு விபத்துக் காப்பீடு இருக்கிறதா என்று வங்கிக் கிளையில் கேளுங்கள். வேலை பார்த்த இடத்தில் குரூப் இன்ஷூரன்ஸ் இருந்ததா என்றும். இவற்றுக்கெல்லாம் காலக் கெடு உண்டு. தெரிந்த பிள்ளை ஒருவரைக் கூட்டிக்கொண்டு இந்த வாரமே போய்வாருங்கள். காரின் சேதத்துக்கு, மகனிடம் லைசென்ஸ் இருந்திருந்தால், உங்களுக்குப் பணம் உண்டு. பழுதுச் செலவு ஐடிவி-யில் (பாலிசியில் வண்டிக்குப் போட்டிருக்கும் மதிப்பு) 75 சதவீதத்தைத் தாண்டினால் முழு நஷ்டமாகவே தீர்ப்பார்கள்.

மதுரையிலிருந்து ஒருவர்:

சொத்துப் பிரச்சினையில் முறைத்துக்கொண்டிருக்கும் என் தம்பி, நான் ஊரில் இல்லாதபோது என் காரை எடுத்துக்கொண்டு போய் தேனியில் வைத்திருக்கிறான். திருப்பித் தரவில்லை. ஸ்டேஷனில் சிஎஸ்ஆர் (புகார் பெற்றதற்கான ரசீது) மட்டும் கொடுத்து, ‘பேசித் தீர்த்துக்குங்க’ என்கிறார்கள். கார் திருட்டு என்று க்ளெய்ம் போட்டு ஐடிவி தொகையை வாங்கிவிடலாமா?

கோபம் புரிகிறது, ஆனால் வழி அதுவல்ல. திருட்டு க்ளெய்முக்கு எஃப்ஐஆர் வேண்டும். பிறகு தேடியும் கிடைக்கவில்லை என்று போலீஸ் சான்றிதழ் தர வேண்டும். இரண்டு சாவியையும் கம்பெனி கேட்கும். உங்கள் வண்டி கிடைக்காமல் போகவில்லை. தேனியில் யார் வீட்டு வாசலில் நிற்கிறது என்று உங்களுக்கே தெரியும். தெரிந்த இடத்தில் நிற்கிற வண்டிக்கு அந்தச் சான்றிதழ் யார் தருவார்கள்?

வக்கீல் மூலம் தம்பிக்கு நோட்டீஸ் அனுப்பி, எஃப்ஐஆர் பதிவு செய்யும்படி காவல் கண்காணிப்பாளருக்கும், அதற்கும் அசையவில்லை என்றால் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்துக்கும் போங்கள். வழக்குப் பதிவாகி வண்டியைக் கைப்பற்றினால் இடைக்காலமாக உங்கள் வசம் ஒப்படைக்கக் கேட்கலாம். கம்பெனிக்கும் ‘இன்ன தேதி முதல் வண்டி என் சம்மதமின்றி இன்னாரிடம் இருக்கிறது’ என்று ஸ்பீட் போஸ்டில் ஒரு கடிதம் போட்டு, அது போய்ச் சேர்ந்ததற்கான ஆதாரத்தைப் பத்திரமாக வையுங்கள். நாளைக்கு தம்பி யாரையாவது இடித்தால் அந்தத் தேதி உங்களுக்கு வேண்டும்.

கடைசியாக ஒன்று, நீங்கள் கேட்காதது. ‘அவன்தானே ஓட்டுறான், நான் எதுக்கு பிரீமியம் கட்டணும்’ என்று வீம்பாக பாலிசியைக் காலாவதியாக விட்டுவிடாதீர்கள். ஆர்சி-யில் பெயர் இருப்பவரே உரிமையாளர், இழப்பீட்டுக்கு அவரே பொறுப்பு என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. வண்டி தேனியில் இருந்தாலும் சம்மன் மதுரைக்குத்தான் வரும். புதுப்பிக்கும்போது கம்பெனி வண்டியைப் பார்க்க வேண்டும் என்று கேட்டால் மூன்றாம் நபர் காப்பீட்டையாவது எடுத்துவிடுங்கள்.